அப்பாவின் நோட்டில் இருந்த மனைக் கணக்கு: நிலம், பங்கு, பிரைவேட் ஈக்விட்டி

2024 டிசம்பரில், தாம்பரத்துக்குத் தெற்கே அப்பா வாங்கிப் போட்டிருந்த ஒரு கிரவுண்டு மனையை விற்றோம். 2004 டிசம்பரில் சதுர அடி 200 ரூபாய் வீதம் 2,400 சதுர அடியை 4,80,000 ரூபாய்க்கு அவர் வாங்கியிருந்தார். விற்றது சதுர அடி 2,200 ரூபாய்க்கு, மொத்தம் 52,80,000 ரூபாய். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய அன்று மாலை வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னது, இருபது ஆண்டில் பதினோரு மடங்கு என்பதைத்தான். "எந்த ஷேர்ப்பா இப்படிக் கொடுக்கும்?" என்று பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். பதினைந்து ஆண்டுகளாக, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதந்தோறும் பணம் போட்டு வருபவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை. மனையில் உண்மையில் என்ன கிடைத்தது என்று அதுவரை யாருமே கணக்குப் போட்டதில்லை.

அதைக் கணக்குப் போட முடிந்ததற்குக் காரணம் அப்பாவின் நோட்டு. மனை வாங்கிய நாளிலிருந்து அதற்காகச் செலவழித்த ஒவ்வொரு பெரிய தொகையையும் தேதியுடன் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதியவர் கூலி, தரகு எல்லாம் சேர்த்து வாங்கும்போதே 55,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பக்கத்து மனைக்காரர் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டதால் 2010-இல் சுற்றுச்சுவர் கட்ட 1,20,000 ரூபாய். 2018-இல் மனையை வரன்முறைப்படுத்த, சர்வேயர் செலவும் சேர்த்து, 1,30,000 ரூபாய். விற்றபோது தரகருக்கு ஒரு சதவீதம், 52,800 ரூபாய். இவை எதுவும் பதினோரு மடங்கு என்ற பேச்சுக்குள் வருவதில்லை. அந்தப் பேச்சில் இருப்பவை வாங்கிய விலையும் விற்ற விலையும் மட்டுமே.

அடுத்தது வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தை விற்கும் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதமோ, சரிக்கட்டலுடன் 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். எங்கள் கணக்கில் முதல் வழியில் சுமார் 5,78,000 ரூபாயும் இரண்டாவது வழியில் சுமார் 6,40,000 ரூபாயும் வந்தன. சரிக்கட்டல் போய்விட்டதே என்று கவலைப்படும் பலர் இந்த இரண்டையும் போட்டுப் பார்க்காமலேயே கவலைப்படுகிறார்கள். விலை வேகமாக ஏறிய நிலத்துக்குப் பெரும்பாலும் 12.5 சதவீதமே லாபம், பணவீக்கத்தோடு ஒட்டி நகர்ந்த நிலத்துக்குத்தான் பழைய வழி உதவும். அப்பா 2004-இல் கொடுத்த முழுத் தொகையையும் கிரயப் பத்திரத்தில் காட்டியிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தவர்கள், இப்போது விற்கும்போது கிடைக்காத லாபத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேரிடுகிறது.

எல்லாம் போகக் கையில் நின்றது ஏறத்தாழ 46,50,000 ரூபாய். பணம் போன தேதிகளையும் வந்த தேதியையும் எக்ஸெல்லில், ஆண்டு லாப விகிதத்தைச் சொல்லும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். கணக்கில் இட்டபோது ஆண்டுக்கு 10.5 சதவீதம் என்று வந்தது. அதே இருபது ஆண்டில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2004-ஆம் ஆண்டின் கடைசி நாள் இருந்த 6,602 புள்ளியிலிருந்து 2024-ஆம் ஆண்டின் கடைசி நாளில் 78,139 புள்ளிக்கு வந்திருந்தது. அதாவது 11.8 மடங்கு. அப்பாவின் 5,35,000 ரூபாயைச் சென்செக்ஸில் வைத்து, 2018 ஜனவரி 31 வரையிலான லாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகையையும் சேர்த்து வரியைக் கழித்தால், ஆண்டுக்கு 12.75 சதவீதம் அளவில் வருகிறது. இதில் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை, ஃபண்டின் கட்டணத்தையும் கழிக்கவில்லை. மடங்கில் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு முதலீடுகள், செலவையும் தேதியையும் சேர்த்த பிறகு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல் விலகிவிடுகின்றன. இருபது ஆண்டில் அந்த விலகல் பன்னிரண்டு லட்ச ரூபாய்க்கு மேல்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பெரியப்பாவுக்குப் பங்குச் சந்தையே மேல் என்று பதில் சொல்லியிருப்பேன். நோட்டில் 2016-ஆம் ஆண்டுப் பக்கம் என்னை நிறுத்தியது.

2016 ஜூலையில் அந்த மனைக்கு ஒரு வாங்குபவர் வந்தார். சதுர அடி 1,500 ரூபாய், மொத்தம் 36 லட்சம் என்று பேசி, ஒரு லட்ச ரூபாய் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் என்று ஒப்பந்தம் எழுதினோம். தங்கையின் திருமணத்துக்காக அந்தப் பணம் தேவைப்பட்டது. அந்த மனைப்பிரிவு பஞ்சாயத்து அனுமதியை மட்டும் வைத்து, முறையான அங்கீகாரம் இல்லாமல் போடப்பட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் விற்ற மனைகளில் பலவும் அப்படித்தான் இருந்தன. செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. நகைக்கடனும் வருங்கால வைப்பு நிதிப் பணமும் சேர்த்துத்தான் திருமணத்தை நடத்தினோம். 36 லட்ச ரூபாய் மதிப்புள்ள சொத்தை வைத்துக்கொண்டு, அதை வைத்து ஒரு ரூபாய்கூடப் புரட்ட முடியாமல் இருந்த அந்த ஆறு மாதம், அசையாச் சொத்து என்ற சொல்லின் முழுப் பொருளையும் எங்களுக்குக் காட்டியது. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2018-இல் எங்கள் மனைக்கு ஆணை கிடைக்கும் வரை அது கைக்கு எட்டாத பணமாகவே இருந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்த 1,500 ரூபாய் என்ற விலை இன்னொன்றையும் காட்டுகிறது. 2004 டிசம்பரிலிருந்து 2016 ஜூலை வரை விலை 200-லிருந்து 1,500 ஆக ஏறியிருக்கிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 19 சதவீதம். அங்கிருந்து 2024 டிசம்பர் வரை 1,500-லிருந்து 2,200, ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. வங்கி வைப்புத் தொகைகூட அந்த எட்டாண்டில் இதைவிட அதிகம் கொடுத்திருக்கும். சென்செக்ஸோ 2016 ஜூலை முடிவில் 28,000 புள்ளி அளவில் இருந்து, முதல் பகுதியிலும் இரண்டாம் பகுதியிலும் ஏறத்தாழ 13 சதவீதமாகவே ஏறியிருக்கிறது. தகவல் தொழில்நுட்ப வேலைகள் சென்னைக்குத் தெற்கே குவிந்து, சாலைகள் அகலமாகி, வீட்டுக்கடன் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் மனை விலை அந்த 19 சதவீத வேகத்தில் ஏறியது. எங்கள் குடும்பங்களில் நிலத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் பிறந்தவை. 2016-க்குப் பிறகு வாங்கியவர்கள் தங்கள் கதையை யாரிடமும் சொல்வதில்லை.

ஆனாலும் நிலம் அப்பாவுக்குச் செய்த ஒரு நன்மையைப் பங்கு செய்திருக்காது என்றே நம்புகிறேன். 2008 ஜனவரி 10 அன்று 21,206 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச் 9 அன்று 8,160-இல் முடிந்தது. 5,35,000 ரூபாய் பதினேழு லட்சமாகி, பதினான்கே மாதத்தில் ஆறரை லட்சமாகக் குறைவதை ஒவ்வொரு நாளும் நாளிதழில் பார்த்துக்கொண்டு அப்பா பொறுமையாக இருந்திருப்பாரா? அவரை அறிந்தவன் என்ற முறையில், இருந்திருக்க மாட்டார் என்று சொல்வேன். நானே இருக்கவில்லை. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்து 25,981-க்கு வந்தபோது, மாதந்தோறும் ஃபண்டில் பணம் போடும் எஸ்.ஐ.பி.யை ஏழு மாதம் நிறுத்தி வைத்தேன். அந்த ஏழு மாதத்தில் வாங்காமல் விட்ட யூனிட்டுகள்தான் என் முதலீட்டு வாழ்க்கையில் நான் செய்த மிக விலை உயர்ந்த தவறு. அப்பாவின் மனையும் 2008-இல் விலை இறங்கித்தான் இருக்கும். கேட்டவர் யாரும் இல்லாததால் இறங்கியது யாருக்கும் தெரியவில்லை.

நிலம் இறங்கவே இறங்காது என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், விலையை நாம் பார்ப்பதே இல்லை என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. பங்குக்கு ஒவ்வொரு நொடியும் விலை உண்டு. மனைக்கு, பக்கத்துத் தெருவில் கடைசியாக விற்றவர் சொன்ன தொகைதான் விலை. நிலத்தையும் கட்டடத்தையும் தொழிலாகக் கொண்ட டி.எல்.எஃப். நிறுவனம் 2007-இல் 525 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2008 தொடக்கத்தில் அது 1,200 ரூபாயைத் தாண்டியது. 2009 தொடக்கத்தில் 200 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேல் வெளியீட்டு விலைக்குக் கீழேயே கிடந்தது. அந்த வீழ்ச்சியில் நிறுவனத்தின் கடனுக்கும் பங்கு உண்டு, ஆகவே அதை அப்படியே நிலத்தின் விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் நிலத்தை நம்பிய தொழிலுக்கு ஒவ்வொரு நாளும் விலை சொல்லச் சொன்னால் அது எப்படி ஆடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உள்ளே நுழையும் செலவையும் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் இன்று நிலம் வாங்க முத்திரைத் தீர்வை 5 சதவீதம், மாற்றுத் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 2017-லிருந்து 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்ததால் அது 11 சதவீதம். 2023 ஏப்ரலில் கட்டணம் குறைந்தபோது வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்கு உயர்ந்துவிட்டது. 50 லட்ச ரூபாய்க்கு மனை வாங்கினால் நாலரை லட்சம் அன்றே போய்விடும். அதே 50 லட்சத்துக்குப் பங்கு வாங்கினால் பரிவர்த்தனை வரி 5,000 ரூபாய், முத்திரைத் தீர்வை 750 ரூபாய். வாடகைக்கு விடும் ஃபிளாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 22,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 3.3 சதவீதம், சொத்து வரியும் பராமரிப்பும் வெள்ளையடிப்பும் அதிலிருந்துதான் போக வேண்டும். கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகும், விலை ஏறுவது அது நிற்கும் நிலத்தில் நமக்குரிய பிரிக்கப்படாத பாகம் மட்டுமே. நிலத்துக்கு உள்ள ஒரே பெரிய சலுகை, வங்கி அதற்கு இருபது ஆண்டுக் கடன் தரும் என்பது. பங்கு வாங்க அப்படிக் கடன் யாரும் தருவதில்லை, தராமல் இருப்பதும் நல்லதே.

பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த இரண்டாவது வாரம், வங்கியிலிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் அழைத்து, பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டைப் பற்றிப் பேசினார். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் பெரும் பங்கை வாங்கி, சில ஆண்டுகள் வளர்த்து, பிறகு வேறொருவருக்கோ சந்தைக்கோ விற்பதுதான் இந்தத் தொழில். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2012-இல் கொண்டுவந்த ஏ.ஐ.எஃப். (மாற்று முதலீட்டு நிதி) விதிகளின்படி இதில் சேர ஒருவர் குறைந்தது ஒரு கோடி ரூபாய் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்ததே அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் அவர் சொன்ன 16 சதவீதம், 18 சதவீதம் என்ற எண்கள் மனத்தில் நின்றுவிட்டதால் அதையும் நோட்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கோடி ஒப்புக்கொண்டால் அவர்கள் ஒரே நாளில் வாங்கிக்கொள்வதில்லை. நிறுவனங்கள் கிடைக்கக் கிடைக்க, ஆண்டுக்கு 25 லட்சம் என்று நான்கு தவணையாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையிலிருந்து ஆறாவது ஆண்டு முடிவில் இரண்டு கோடி திரும்பி வந்தால், ஃபண்டின் அறிக்கையில் ஆண்டுக்கு 16.3 சதவீதம் என்று இருக்கும், அது பொய்யும் அல்ல. ஆனால் அழைப்பு வந்த உடனே கொடுக்க வேண்டும் என்பதால் மீதிப் பணத்தை நாம் வங்கியில்தான் வைத்திருப்போம். வரி போக 5 சதவீதம் அதற்குக் கிடைத்தாலும், முதல் நாளிலிருந்து ஒதுக்கி வைத்த ஒரு கோடிக்கு நமக்குக் கிடைப்பது 13 சதவீதம் அளவில்தான். அதற்கும் மேல் லாபத்தின் மீது வரி வேறு. ஃபண்டை நடத்துபவருக்கு ஆண்டுக்கு 2 சதவீதமும், ஒரு வரம்புக்கு மேற்பட்ட லாபத்தில் 20 சதவீதமும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். காட்டப்படும் விகிதம் இவை கழித்ததா, கழிக்காததா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் கேட்டேன். அனுப்பி வைக்கிறேன் என்றார், வரவில்லை.

அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை. நிறுவனத்தின் நிர்வாகத்தையே மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, நூறு பங்கு வைத்திருக்கும் எனக்கு அது இல்லை. மனைக்கு நான் கண்ட அதே குறைதான் அங்கும் என்னைத் தயங்க வைக்கிறது. ஃபண்டின் அறிக்கையில் மதிப்பு அமைதியாக ஏறிக்கொண்டே இருப்பதற்குப் பெரும் காரணம், இடையில் வாங்கவும் விற்கவும் ஆள் இல்லை என்பதே. 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கின் மதிப்பை, அதன் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்றான புரோசஸ் 2024-இல் பூஜ்யம் என்று எழுதிவிட்டது. சந்தை விலை இருந்திருந்தால் அந்த இறக்கம் ஒவ்வொரு மாதமும் தெரிந்திருக்கும். சென்னையைச் சேர்ந்த ஸ்டார் ஹெல்த் 2021 டிசம்பரில் 900 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, விற்கப்பட்டவற்றில் பெரும்பகுதி பழைய பங்குதாரர்களுடையவை. முழு அளவுக்கு விண்ணப்பமும் வரவில்லை, பட்டியலான நாளிலேயே விலை 900-க்குக் கீழே திறந்தது. முன்னால் வாங்கியவருக்கு நல்ல முதலீடாக இருந்தது, அவரிடமிருந்து வாங்கியவருக்கு அப்படி அமையவில்லை.

ஒரு கோடி இல்லாதவர்களுக்கு என்று, பட்டியலிடப்படாத பங்குகளை நூறு, ஐம்பது என்று விற்கும் முகவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இதைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். எச்.டி.பி. ஃபைனான்ஷியல் பங்கு அந்தச் சந்தையில் 1,200 ரூபாய்க்கு மேல் கைமாறிக்கொண்டிருந்தபோது, 2025 ஜூனில் நிறுவனம் அறிவித்த வெளியீட்டு விலை 700 முதல் 740 ரூபாய். இரண்டு மாதம் முன்பு வாங்கியவர்கள் ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை இழந்தார்கள். பிரைவேட் ஈக்விட்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு, நிர்வாக உரிமையோ பேரம் பேசும் பலமோ இல்லாமல் வாங்குவது, மூலப்பத்திரம் பார்க்காமல் மனை வாங்குவதைப் போன்றது.

நிலம், பங்கு, பிரைவேட் ஈக்விட்டி மூன்றும் சந்திக்கும் இடமாக எனக்குத் தெரிவது ரீட், அதாவது வாடகை வரும் கட்டடங்களை வைத்துக்கொண்டு, அவற்றின் உரிமையைச் சிறு யூனிட்டுகளாகப் பங்குச் சந்தையில் விற்கும் அமைப்பு. செபி 2014-இல் விதி வகுத்து, 2019 ஏப்ரல் 1 அன்று எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் முதலாவதாகப் பட்டியலானது. வெளியீட்டு விலை 300 ரூபாய். சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருபவையாக இருக்க வேண்டும், பகிரக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாக்ஸ்டோன், ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம். 2023 டிசம்பரில் தன் யூனிட்டுகள் முழுவதையும் பங்குச் சந்தையில் விற்று வெளியேறியது. அந்த அளவு நிலத்தையும் கட்டடத்தையும் பத்திரம் போட்டு விற்க எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்! பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் உள்ள அலுவலக வளாகம் ஒன்று 2024-இல் அந்த ரீட்டுக்குள் வந்தது. அப்பாவின் மனைக்குப் போகும் வழியில் நாங்கள் பல முறை கடந்த கட்டடங்கள் அவை. அலுவலக வாடகை குறைந்தால் யூனிட் விலையும் குறையும், நாள்தோறும் அது தெரியவும் செய்யும். அந்தக் கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்துக்கு நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பணத்தை மூன்று சம பங்காகப் பிரித்தார். ஒரு கிரவுண்டை மூன்றாகப் பிரித்திருந்தால் மூவருக்கும் வீடு கட்டும் அளவுக்கு மனை வந்திருக்காது. இருக்கும்போதே விற்றுவிட அவர் முடிவு செய்ததற்கு அதுவே காரணம். தங்கை தன் பங்கை வீட்டுக்கடனில் கட்டிவிட்டாள். அந்தக் கடனின் வட்டி விகிதத்தை வரி இல்லாமல், நிச்சயமாகத் தரும் முதலீடு வேறு எதுவும் இல்லை என்பதால் அவளுடைய முடிவே எங்கள் மூவரில் சிறந்தது என்று நினைக்கிறேன். அப்பா 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டார், காலாண்டுக்கு 30,750 ரூபாய் வருகிறது. நான் பெரும்பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டில் பன்னிரண்டு மாதத் தவணையாகவும், ஒரு சிறு பகுதியை ரீட்டிலும் போட முடிவு செய்தேன். பெரியப்பாவிடம் 10.5, 12.75 என்ற இரண்டு எண்களையும் சொன்னேன், 2008-ஐப் பற்றியும் சொன்னேன். அப்பாவை அந்த விலைப் பட்டியலைப் பார்க்க விட்டிருக்கக் கூடாது என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொன்னேன்.

நீள நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. அதை அப்பா என்னிடம் கொடுத்து, என் முதலீட்டையும் அதிலேயே எழுதச் சொன்னார். தேதி, விவரம், கொடுத்தது, வந்தது என்று நான்கு பத்தி போட்டிருந்தார். அன்றைய மதிப்பு என்று ஐந்தாவதாக ஒரு பத்தி போட ஸ்கேலை எடுத்தேன். அது எதற்கு என்று அப்பா கேட்டார். இருபது ஆண்டு மனைக் கணக்கில் அப்படி ஒரு பத்தி இருந்ததே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கோடு போடாமல், 2025 ஜனவரி முதல் தவணையை நான்கு பத்தியில் எழுதினேன்.